பத்தாவது காகிதம்

“காயிதம் குட்டி போடுமா அத்தா, முட்டை போடுமா?”

ரஃபத் ஜஹான் இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. முதல் ஜெர்மன் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். அவளுடைய அத்தா அதாவுல்லா ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் தோல் தரம் பிரிக்கிறவர். அன்று மாலை ஷாப்பிலிருந்து கொண்டுவந்த பத்துக் காகிதங்களைப் பாயில் பரப்பி வைத்து, தொடுவதற்கே பயந்தவராய் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணெய் சொட்டிவிடப் போகிறதென்று அவர் மனைவி ஜஹீருன்னிசா விளக்கைத் தள்ளி வைத்தாள்.

சிப்பாய்களின் பூட்சுக்குத் தோல் போதவில்லை என்று சர்க்கார் கேட்டுக்கொண்டே இருந்ததால் ஷாப்பில் எந்தத் தொட்டியும் காலியாக இருந்ததில்லை. முதலாளிக்கு நல்ல வருமானம். வருஷக் கடைசியில் எல்லோருக்கும் இனாம் கொடுத்தார். ஆனால் ரொக்கமாக அல்ல. சண்டைச் செலவுக்குச் சர்க்கார் கடன் கேட்கிறது, உங்கள் பங்கு எங்கே என்று தாசில்தார் வந்து உட்கார்ந்துவிட்டதால், முதலாளி அவரவர் பெயரில் தபாலாபீஸ் பத்திரம் வாங்கி அதையே இனாமாகக் கொடுத்துவிட்டார். ஒரு காகிதத்தின் விலை ஏழே முக்கால் ரூபாய். ஐந்து வருஷம் தொடாமல் வைத்திருந்தால் பத்து ரூபாயாகத் திரும்பி வரும்.

பத்துக் காகிதமும் சேர்ந்தால் நூறு ரூபாய். அந்த நூறு ரூபாய் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதில் புருஷனுக்கும் மனைவிக்கும் சந்தேகமே இல்லை. ஊருக்கு மேற்கே மேட்டில், ஷாப்புகளின் கழிவுநீர் எட்டாத இடத்தில், கிணற்றோடு ஒரு சின்ன மனை இருந்தது. நூறுக்கு ஒரு காசு குறைத்துக் கொடுக்க மாட்டேன், எனக்கு அவசரமும் இல்லை என்று அதன் சொந்தக்காரர் சொல்லியிருந்தார். அதாவுல்லா குடியிருந்த லைன் வீடுகளின் கிணறு ஷாப்புகளின் சுண்ணாம்பும் பட்டைச் சாறும் ஊறி உப்பாகிப் போயிருந்தது. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. தலைக்கு ஊற்றினால் முடி கயிறாகத் திரிந்துபோகும். நல்ல தண்ணீர் ஒரு குடம் வேண்டுமென்றால் ஜஹீருன்னிசா தண்டவாளத்தைத் தாண்டிப் போய், யார் வீட்டு வாசலிலாவது நின்று கேட்க வேண்டும். கேட்டு நிற்பதுதான் அவளுக்குக் குடத்தைவிடக் கனமாக இருந்தது.

“சும்மா பொட்டியில கெடந்தா ரெண்டேகால் ரூபா எங்கேர்ந்து வருது?” என்று அவள் கேட்டாள்.

“அது பாட்டுக்கு வளரும். குட்டி போடும்ன்னு வச்சுக்கயேன்” என்றார் அவர்.

அப்போதுதான் ரஃபத் அப்படிக் கேட்டாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆனால் படுத்த பிறகு அதாவுல்லாவுக்குத் தம் வாயில் வந்த சொல்லே உறுத்தியது. சும்மா கிடந்து குட்டி போடுகிற பணத்துக்கு ஊரில் ஒரே பெயர்தான் உண்டு. வட்டி. ஒரு நாளும் வாங்கியதில்லை, கொடுத்ததில்லை என்று அவர் நிம்மதியாக இருந்த பொருள் இனாம் என்ற பெயரில் பெட்டிக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

யாரைக் கேட்டாலும் ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொன்னார்கள். சர்க்காருக்கு நாம் கடன் கொடுக்கவில்லையே, அவர்கள்தானே கட்டாயப்படுத்தினார்கள், அதனால் பாவமில்லை என்றார் ஒருவர். போட்ட பணத்தை மட்டும் எடுத்துக்கொள், மிச்சத்தைச் சர்க்காரிடமே விட்டுவிடு என்றார் இன்னொருவர். விட்டால் அந்தப் பணத்தில் அவர்கள் துப்பாக்கி வாங்குவார்கள், அது உன் தலையில் விழும் என்றார் மூன்றாமவர். தோலைக் கையில் எடுத்த மாத்திரத்தில் இது முதல் ரகம், இது கழிவு என்று சொல்லிவிடுகிற மனிதர், இந்தக் காகிதம் எந்த ரகம் என்று சொல்லத் தெரியாமல் ஒன்றரை வருஷம் தவித்தார். அதற்குள் சண்டை முடிந்தது. தவிப்பு முடியவில்லை.

அந்தத் தவிப்பைத் தீர்த்துவைக்க வந்தவர்தான் வாஹித் பாஷா. சின்ன வயதிலிருந்தே தோஸ்த். மாதனூர், நாட்றம்பள்ளி, திருப்பத்தூர் என்று சந்தை சந்தையாகப் போய்ப் பச்சைத் தோல் வாங்கி உப்புப் போட்டு ஷாப்புகளுக்கு விற்பவர். தோல் விலை அப்போது வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டிருந்தது.

“காயிதத்த வச்சிக்கிட்டு இன்னா பண்ணப் போற? நாளைக்கு சர்க்கார் மாறிச்சுன்னா அதுல பக்கோடாதான் மடிக்கலாம்” என்றார் வாஹித் பாஷா. “எங்கிட்ட குடு. ஆட்டுத்தோல்ல போடறேன். மாசம் ரெண்டு ரூபா உன் வூட்டு வாசல்ல வந்து குந்திக்கும். இது வியாபாரம்டா. அல்லா வியாபாரத்த ஹலாலாக்கினான், வட்டிய ஹராமாக்கினான். உனக்கு நான் சொல்லணுமா?”

அதாவுல்லாவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியதுபோல் இருந்தது. மாதம் இரண்டு ரூபாய் என்றால் மனை ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டியதில்லை. பாவமும் இல்லை, லாபமும் கூட. வீட்டில் சொன்னபோது ஜஹீருன்னிசா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தவில்லை.

“பாதி குடுங்க. பாதி காயிதமாவே இருக்கட்டும்.”

“ஏன், வாஹித் மேல நம்பிக்கை இல்லியா?”

“அவர் மேல இருக்குது. ஷாப்புல வந்த தோலையெல்லாம் ஒரே தொட்டியிலியா ஊறப் போடறாங்க? ஒரு தொட்டி புளிச்சுப் போனாலும் இன்னொண்ணு நிக்கணும்ன்னு நீங்கதானே சொல்லுவீங்க.”

“தோலு வேற, மார்க்கம் வேற” என்று அவர் சீறினார். “பாதி ஹராமை வச்சிக்கிட்டு பாதி ஹலால்ல இருக்க முடியுமா? உனக்கு இன்னா தெரியும் இதெல்லாம்?”

அவள் முறத்தைத் தட்டி உமியை ஊதினாள்.

மறுநாள் காகிதங்களைப் பணமாக்கத் தபாலாபீசுக்குப் புறப்படும்போது ஒரு காகிதம் குறைந்தது. ஒன்பதுதான் இருந்தது. பெட்டியைக் கவிழ்த்தார். பாயை உதறினார். “ஒரு பொருளைப் பத்திரமா வைக்கத் துப்பில்ல இந்த வூட்ல” என்று கத்தினார். ஜஹீருன்னிசாவின் கண் நிறைந்தது. ரஃபத் சுவரோடு ஒட்டிக்கொண்டு விரலைச் சூப்பிக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒன்பதை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். தபாலாபீஸ் குமாஸ்தா பக்தவச்சலம் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

“எல்லாத்தையுமா? அவசரம் இல்லன்னா ஒரு நாலு காயிதமாவது வுட்டு வைய்யேன் பாய். இப்ப எடுத்தா போட்டதுக்கு மேல ஒண்ணும் பெருசா வராது.”

“மேல வர்றது எனக்கு வேணாங்கையா” என்று அதாவுல்லா பெருமையாகவே சொன்னார்.

பணத்தைக் கையில் வாங்கிய வாஹித் பாஷா ஒரு வருஷம் சொன்ன சொல் தவறவில்லை. மாதத்தின் முதல் ஜும்மா வெள்ளி தோறும் இரண்டு ரூபாய் வந்தது. பஞ்ச காலத்து விலையில் அது வந்த வழியே அரிசிக்கும் துணிக்கும் போனாலும் போட்ட பணம் பத்திரமாக இருக்கிறதே என்று இருந்தார்கள். பிறகு ஒரு நாள் சீமையில் தோல் வாங்குகிறவர்கள் ஒரே சமயத்தில் கையை இழுத்துக்கொண்டார்கள். சண்டைக்கென்று சேர்த்துவைத்த தோலே அவர்களிடம் மலையாகக் கிடந்ததாம். ஆம்பூரில் பாதித் தொட்டிகள் காய்ந்தன. வாங்க ஆளில்லாமல் பச்சைத் தோல் குடோன்களில் தேங்கியது. வாஹித் பாஷாவிடமிருந்து பணம் வருவது நின்றது. பிறகு அவரே வருவது நின்றது.

ஒரு மழைக்காலத்தில் அவரே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். அதாவுல்லா போனபோது வாஹித் பாஷா குடோன் வாசலில் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார்.

“நீயே பாத்துச் சொல்லு தோஸ்த். எதுனா தேறுமா?”

அதாவுல்லா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். முதல் தோலை எடுத்து விரித்தார். கட்டை விரலால் ஒரு தேய்ப்பு. முடி கொத்தாகக் கையோடு வந்தது. கழிவு. அடுத்ததை எடுத்தார். வண்டு அரித்த ஓட்டை வழியே வாசல் வெளிச்சம் தெரிந்தது. கழிவு. இருபது வருஷமாகப் பிறர் தோலுக்குச் சொன்ன அதே சொல்லைத் தம் பணத்துக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். உச்சிப் பொழுதுக்குள் வலது பக்கம் குவியல் இடுப்பளவு உயர்ந்துவிட்டது. இடது பக்கம், நல்ல ரகம் வைக்க வேண்டிய இடத்தில், அவருடைய செருப்பு மட்டும் கிடந்தது.

“சண்டைக்காரன் மாதிரி எதுனா திட்டுடா. சும்மா இருக்காத” என்றார் வாஹித் பாஷா.

அவர் திட்டவில்லை. கை கழுவவும் இல்லை. நேரே பள்ளிவாசலுக்குப் போய், தொழுகை நடத்தும் ஹஜ்ரத் முன்னால் நின்றார். வட்டி வேண்டாமென்று வியாபாரத்தில் போட்டேன், அல்லா ஏன் இப்படிச் செய்தான் என்று கேட்டார். ஹஜ்ரத் நிதானமான மனிதர்.

“மாசம் இவ்வளவுன்னு முன்னாடியே பேசிக்கினீங்களா?”

“ஆமா. ரெண்டு ரூபா.”

“விலை ஏறினாலும் எறங்கினாலும் அதே ரெண்டு ரூபாவா?”

“ஆமா.”

“நஷ்டம் வந்தா உனக்கும் பங்குன்னு பேச்சு உண்டா?”

அதாவுல்லா கையில் ஒட்டியிருந்த ஆட்டு முடியைத் தேய்த்து எடுத்தார்.

“அப்ப அதுல வியாபாரம் எங்க இருக்குது? அதுவும் வட்டிதானேப்பா” என்றார் ஹஜ்ரத். திட்டுவது போல் அல்ல, காயத்தைத் தொட்டுப் பார்க்கிறவர்போல. “கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை எங்கிட்ட வந்து கேட்டிருக்கலாமே.”

கேட்டிருக்கலாம். அதுதான் அவரை அரித்தது. எத்தனையோ பேரைக் கேட்டவர் வாஹித் பாஷா வந்த பிறகு மட்டும் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்ததனால்தான் கேட்கவில்லை என்பது இப்போது அவருக்குத் தெரிந்தது. சர்க்கார் கொடுத்த வட்டியிலிருந்து ஓடிப்போய், கேட்க நாதியில்லாத இன்னொரு வட்டியில் விழுந்திருக்கிறார். இதை யாரிடம் சொல்லி அழுவது? வீட்டில் ஜஹீருன்னிசா ஒரு சொல் சொல்லிக் காட்டியிருந்தால்கூடப் பதிலுக்குக் கத்தி ஆறியிருப்பார். அவள் காலால் தண்டவாளத்தைத் தாண்டித் தாண்டிக் குடம் சுமந்தாளே தவிர, வாயால் ஒன்றும் சொல்லவில்லை.

காகிதத்தின் ஐந்து வருஷக் கெடு முடிந்தபோது அந்த மனை விலைபோயிற்று. வாங்கியவள் அமிர்தவள்ளி. மலையிலிருந்து ஆவாரம்பட்டை கொண்டுவந்து ஷாப்புக்குப் போடுகிறவள், புருஷன் இல்லாதவள். இனாம் கொடுத்த அன்றைக்கு முதலாளி அவளுக்கும் பட்டைப் பாக்கிக்குப் பதிலாகப் பத்துக் காகிதம்தான் கொடுத்திருந்தார்.

“புத்திசாலித்தனமா வச்சிக்கினியே அமிர்தக்கா” என்று ஜஹீருன்னிசா மனதாரச் சொன்னாள்.

“அட நீ ஒண்ணு பாயம்மா. எனக்கு இன்னா எழவு தெரியும்? அந்தத் தபாலாபீஸ்காரரு கண்ணாடிக்கு மேல பாக்கறதப் பாத்தாலே எனக்கு ஒதறல். போயிக் கேக்க பயந்துக்கினே அஞ்சு வருஷம் ஓட்டிட்டேன். வேற ஒண்ணும் இல்ல” என்று அவள் வெற்றிலை வாயோடு சிரித்தாள். பிறகு, “தபாரு, எங்கயும் போயி நிக்காத. நம்ம கெணத்துல வந்து சேந்திக்க. நான் இருந்தாலும் இல்லாட்டியும் வேலிப் படல் தொறந்துதான் இருக்கும்” என்றாள்.

அன்றிலிருந்து அதாவுல்லா வீட்டில் பருப்பு வெந்தது. ஜஹீருன்னிசா பதிலுக்கு எதையாவது எடுத்துக்கொண்டு போனால் அமிர்தவள்ளி வாங்கமாட்டாள். “தண்ணி இன்னா நான் பண்ணதா?” என்பாள். அதாவுல்லாவுக்கு அந்தத் தண்ணீர் தொண்டையில் நின்று நின்று இறங்கியது. தமக்கு வந்திருக்க வேண்டிய கிணறு. அதிலிருந்து தர்மமாக ஒரு குடம். அவள்மேல் கோபப்பட ஒரு காரணமும் கிடைக்காததால் கோபம் அவர்மேலேயே திரும்பித் திரும்பி விழுந்தது. அந்தப் படலுக்கு உள்ளே அவர் ஒரு நாளும் கால் வைக்கவில்லை.

இப்படியே மூன்று கோடை போயிற்று. ஒரு நாள் அமிர்தவள்ளி ரஃபத்துக்கு ஒரு கோழி கொடுத்தாள். அது அடைகாக்க இடம் தேடி வீடெல்லாம் கொக்கரித்தது. பழைய கோழி அடைகாத்த, அதை விற்ற நாளிலிருந்து பரண்மேல் கிடந்த, ஓரம் உடைந்த பானையை ஜஹீருன்னிசா இறக்கினாள். பழைய வைக்கோலை உருவியபோது அடியில் துணிப் பொட்டலம் ஒன்று வந்தது. உள்ளே, மஞ்சளாகக் கறை படிந்து, நான்காக மடித்த காகிதம்.

ரஃபத்துக்குப் பதினாலு வயது. முகம் சிவந்து போயிற்று.

“முட்டையா குட்டியான்னு பாக்கலாம்னு கோழிக்குக் கீழ வச்சேன். அத்தா அன்னிக்குக் கத்தினதுல பயந்து சொல்லல. அப்பறம் மறந்தே போச்சு” என்றாள்.

அதாவுல்லா அவளையே பார்த்தார். பிறகு, எத்தனையோ நாளுக்குப் பிறகு, வாய்விட்டுச் சிரித்தார். சிரித்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டு ஜஹீருன்னிசாவைப் பார்த்தார். “அன்னிக்கு உன்னத்தான் துப்பில்லன்னேன்” என்றார். அவள் வைக்கோலைக் குனிந்து அள்ளிக்கொண்டே, “கோழி காத்திருக்குது, நகருங்க” என்றாள்.

பக்தவச்சலத்துக்கு இப்போது மீசை நரைத்திருந்தது. காகிதத்தை மோந்து பார்த்தார்.

“இன்னா பாய், சர்க்கார் பத்திரத்துல கோழி நாத்தம் அடிக்குது?”

“ஐயா, இதுல போட்டது ஏழே முக்கால் ரூபா. அத மட்டும் குடுங்க.”

“அப்படியெல்லாம் கத்தரிச்சுக் குடுக்க முடியாது. பத்து ரூபா வாங்கு, இல்லன்னா காயிதத்த மடிச்சி எடுத்துக்கினு போ. ரெண்டேகால் ரூபாவ வேணாம்னு எழுதறதுக்கு எங்கிட்ட எடம் இல்ல.”

“அதான் ஐயா எட்டு வருஷமா எனக்குத் தொந்தரவு. எங்க போனாலும் அதுக்கு எடம் இல்ல.”

பக்தவச்சலம் பத்து ரூபாயை எண்ணி வைத்தார். அதாவுல்லா அதை அங்கேயே இரண்டாகப் பிரித்து, ஏழே முக்காலை இடது மடியிலும் இரண்டேகாலை வலது மடியிலும் முடிந்துகொண்டார். குமாஸ்தா தலையில் அடித்துக்கொள்வதை அவர் பார்த்தும் பார்க்காததுபோல் வெளியே வந்தார்.

இரண்டேகாலை என்ன செய்வது என்று முதல்நாளே யோசித்துவைத்திருந்தார். அமிர்தவள்ளி கிணற்றுக் கயிறு மூன்று இடத்தில் அறுந்து முடிச்சுப் போட்டது. அந்த முடிச்சு உரசி உரசி ஜஹீருன்னிசாவின் உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது. கிணற்றுக்கு ராட்டினமும் இல்லை, வெறும் மரச் சட்டம்தான். இந்தக் காசுக்கு ஒரு கயிறு வாங்கிப் போட்டுவிட்டால் ஆகாத பணமும் கையை விட்டுப் போகும், மனசும் ஆறும். போகிற வழியில் ஹஜ்ரத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று நின்றார். கேட்க மறந்த ஒரு வார்த்தை எவ்வளவு வாங்கிவிட்டது என்பதை அவர் மறக்கவில்லை.

ஹஜ்ரத் எல்லாவற்றையும் கேட்டார். “அந்தம்மா கெணத்துத் தண்ணிய எத்தினி வருஷமா குடிக்கறீங்க?”

“மூணு வருஷமா.”

“அப்ப கயிறு தர்மம் இல்லப்பா, கடன். ஆகாத காசுல கடன் அடைக்கக் கூடாது. அத உன் சொந்தக் காசுல அடை. இந்த ரெண்டேகாலை ஒண்ணுமில்லாத ஒருத்தருக்குக் குடுத்துடு. புண்ணியம் வரும்ன்னு எதிர்பார்க்காத. வீட்டுக் குப்பைய வெளிய போடற மாதிரி போட்டுட்டு வா.”

ஒன்றுமில்லாத ஒருத்தர் என்றதும் அதாவுல்லாவுக்கு ஒரே முகம்தான் நினைவுக்கு வந்தது. அந்த முகத்தை எட்டி நிறுத்தப் பார்த்தார். முடியவில்லை. கால்கள் வாஹித் பாஷாவின் வீட்டுச் சந்துக்குள் திரும்பின.

வாசலில் அவரைக் கண்டதும் வாஹித் பாஷா எழுந்து நின்றார். தோளெலும்பு சட்டைக்கு வெளியே துருத்தியது. உள்ளே யாரோ விடாமல் இருமினார்கள்.

“என்னிக்காவது வந்து கேப்பேன்னு தெரியும். குடுக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல தோஸ்த்.”

“கேக்க வரல.” வலது மடியை அவிழ்த்து அவர் கையில் வைத்து மூடினார். “இது என் காசு இல்ல. எங்கேர்ந்து வந்ததுன்னு கேக்காத. உள்ள யாருக்கு ஒடம்பு சரியில்ல?”

“என் வூட்டுக்காரிக்குத்தான்” என்றார் வாஹித் பாஷா. அதாவுல்லாவுக்குக் கோபம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஆனாலும் சந்து முனையில் திரும்பிப் பார்த்தார்.

அமிர்தவள்ளி பட்டை வண்டியோடு மலைக்குப் போகிற நாள் எது என்று அவருக்குத் தெரியும். அன்று காலை பஜாரில் புதுத் தேங்காய்நார்க் கயிறும் ஒரு இரும்பு ராட்டினமும் வாங்கினார். இடது மடியில் ஏறக்குறைய பாதி போயிற்று. மிச்சத்தை வீட்டில் கொடுக்க முடிந்து வைத்துக்கொண்டார். படல் அவள் சொன்னபடி திறந்தேதான் இருந்தது. முதல் தடவையாக உள்ளே கால் வைத்தார். முற்றத்தில் யாரும் இல்லை. ராட்டினத்தைச் சட்டத்தில் பூட்டி, கயிற்றைக் கோத்து, வாளியில் தோல் தொழிலாளியின் முடிச்சாக இறுக்கிக் கட்டினார். பழைய கயிற்றை எறிய மனம் வரவில்லை. அழகாகச் சுருட்டி முருங்கை மரத்தில் மாட்டினார்.

சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஒரு வாளி சேந்தினார். ராட்டினம் முனகாமல் சுற்றியது. வாளியைக் கிணற்று ஓரத்தில் வைத்து, இரண்டு கையையும் குழித்து மொண்டு, பிஸ்மில்லா சொல்லிக் குடித்தார். எங்கும் நிற்காமல் தண்ணீர் இறங்கியது.

படலைத் தாண்டும்போது சத்தம் கேட்டுத் திரும்பினார். அவர் கையிலிருந்து சிந்தி, துவைகல் பள்ளத்தில் தேங்கிய தண்ணீரை அமிர்தவள்ளியின் கோழி ஒன்று குடித்துக்கொண்டிருந்தது. குனிந்து ஒரு வாய். நிமிர்ந்து, கழுத்தை நீட்டி, வானத்தை ஒரு பார்வை. மறுபடி குனிந்து ஒரு வாய்.